வாளியில் என்ன நொதிக்கிறது? வீட்டு பீர் கேள்வி பதில்

வீட்டில் பீர் காய்ச்சும் நம் ஆட்கள் இந்தப் பருவத்தில் என்ன போட்டார்கள், எது நன்றாக வந்தது, எது சொதப்பியது என்று எழுதச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சிலவற்றுக்குப் பதில் கீழே. நான் இருப்பது லண்டன். பிரிட்டனில் 1963இல் ரெஜினால்ட் மாட்லிங் நிதியமைச்சராக இருந்தபோது வீட்டில் காய்ச்சுவதற்கான உரிமத்தை எடுத்துவிட்டார்கள். அமெரிக்காவில் 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்டார். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு சட்டம், அதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கே இருந்தாலும் விற்க முயலாதீர்கள்.

கேள்வி (பர்மிங்ஹாம்): அக்கா, இதுதான் நான் முதல்முறை காய்ச்சியது. மாரிஸ் ஆட்டர் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) 4 கிலோ, ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ் ஹாப்ஸ் (கசப்பும் வாசனையும் தரும் பூ) 60 கிராம், 20 லிட்டர். அடர்த்தி 1.044இல் தொடங்கி 1.011இல் நின்றது. பக்கத்து வீட்டு ஆங்கிலேயர் ஒரு பைண்ட் குடித்துவிட்டு எந்தக் கடையில் வாங்கினாய் என்று கேட்டார்! அடுத்து ஐபிஏ (ஹாப்ஸ் தூக்கலான பீர்) போடலாமா, ஸ்டவுட் (கறுப்பு பீர்) போடலாமா?

பதில்: முதலில் ஒரு சபாஷ். அடுத்தும் இதையே போடுங்கள் தம்பி. அதே மால்ட், அதே ஹாப்ஸ், அதே ஈஸ்ட். ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாஷ் (மால்ட்டை வெந்நீரில் ஊறவைப்பது) சூடு 67 டிகிரி என்றால் இந்தமுறை 64 வைத்துப் பாருங்கள். சூடு குறைந்தால் ஈஸ்ட் தின்னக்கூடிய சர்க்கரை அதிகம் கிடைக்கும், பீர் வறண்டு முடியும். 68, 69க்கு ஏற்றினால் வாயில் கனம் நிற்கும். இதை நாக்கில் ஒருமுறை உணர்ந்துவிட்டால் எந்த ரெசிப்பியையும் வாசித்ததுமே சுவை பிடிபடும். மாரிஸ் ஆட்டர் 1960களில் கேம்பிரிட்ஜில் உருவாக்கிய பார்லி ரகம். அது தனியாகவே ஒரு பீரைத் தாங்கும், துணைக்கு நான்கு மால்ட் வேண்டியதில்லை.

உங்கள் பீரின் போதை அளவு: தொடக்க அடர்த்தியிலிருந்து முடிவு அடர்த்தியைக் கழித்து 131.25ஆல் பெருக்குங்கள். 4.3 சதவீதம் வரும். ஆங்கிலேயரின் பிட்டர் என்ற கசப்பு பீருக்கு அளவெடுத்தது போன்ற எண்.

கேள்வி (சிங்கப்பூர்): எங்கள் வீட்டு ஹாலில் எப்போதும் 30, 31 டிகிரி. பீருக்காக இரவு பகலாக ஏசி ஓட்டினால் மனைவி என்னையும் வாளியையும் சேர்த்து வெளியே வைத்துவிடுவார். வழி உண்டா?

பதில்: உண்டு. நார்வேயின் மேற்குப் பகுதிப் பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்த க்வைக் என்ற ஈஸ்ட் இருக்கிறது. மற்ற ஏல் (வெதுவெதுப்பில் நொதிக்கும் பீர்) ஈஸ்ட்கள் பெரும்பாலும் 18லிருந்து 20 டிகிரியில் ஒழுங்காக இருக்கும், 28ஐத் தாண்டினால் பெயிண்ட் தின்னர் வாடையைக் கிளப்பும். வோஸ் பகுதிக் க்வைக்குக்கு 35லிருந்து 40தான் சுகம். மூன்று நான்கு நாளில் வேலையை முடித்துவிட்டு, லேசான ஆரஞ்சுத்தோல் வாசனையை விட்டுச் செல்லும். அந்த ஊர்க்காரர்கள் மரத்தில் செதுக்கிய வளையங்களை ஈஸ்ட்டில் தோய்த்துக் காயவைத்து, அடுத்தமுறை அதைத்தான் உள்ளே போடுவார்கள். லார்ஸ் மாரியஸ் கார்ஷோல் என்ற நார்வேக்காரர் எழுதி எழுதித்தான் இது வெளியுலகுக்குப் பரவியது. இப்போது 11 கிராம் உலர் பாக்கெட்டாகவே கிடைக்கிறது.

உங்கள் ஊரில் ஈஸ்ட்டைவிடப் பெரிய தொல்லை பழ ஈ. ஏர்லாக்கில் (வாயுவை வெளியே விட்டுக் காற்றைத் தடுக்கும், தண்ணீர் நிரப்பிய சிறு குழாய்) தண்ணீர் வற்றி ஒரு ஈ உள்ளே போனால் வினிகர் பாக்டீரியாவையும் கூடவே கூட்டிக்கொண்டு போகும். ஏர்லாக்கைத் தினமும் பாருங்கள். அப்புறம், சிங்கப்பூரில் ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர்தான் வரம்பு. நீங்கள் அனுப்பிய படத்தில் மூன்று வாளி இருந்ததால் சொல்கிறேன்!

கேள்வி (ஸ்கார்பரோ, கனடா): அக்கா, ஊரில அப்பா குடிச்ச லயன் ஸ்டவுட் மாதிரி ஒண்டு செய்யவேணும் எண்டு நெடுநாள் ஆசை. 20 லிட்டருக்கு ஒரு கிலோ பனங்கட்டி போட்டன். நிறம் நல்லா வந்திட்டுது, அப்பாவும் சந்தோஷப்பட்டார். ஆனா வாயில தண்ணி மாதிரி மெலிவு, தொண்டையில எரிவு.

பதில்: அப்பா சந்தோஷப்பட்டார் என்றால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். மீதியைப் பார்ப்போம்.

லயன் ஸ்டவுட்டின் மதுச்சாலை 1881இல் இலங்கையின் நுவரெலியாவில் தொடங்கியது. இப்போது பியகமவில் காய்ச்சுகிறார்கள். 8 சதவீதத்துக்கு மேல் போதை இருந்தும் வழவழவென்று இறங்கும். இந்த வகைக்கு இப்போது டிராபிகல் ஸ்டவுட் என்று போட்டிகளில் தனிப் பிரிவே உண்டு. பெரும்பாலும் லாகர் ஈஸ்ட்டைப் போட்டு, லாகருக்கு வழக்கமான குளிரைவிடச் சற்று வெதுவெதுப்பில் நொதிக்க விடுவார்கள். ஹாப்ஸ் வாசனை இருக்காது. இனிப்பும் வறுவலும்தான் முன்னால் நிற்கும்.

மெலிவுக்குக் காரணம் பனங்கட்டி. அது பெரும்பாலும் சுக்ரோஸ். ஈஸ்ட் அதை ஒன்றுவிடாமல் தின்று ஆல்கஹாலாக்கிவிடும், வாயில் கனம் என்று எதுவும் மிஞ்சாது. ஒரு கிலோ என்பது கிட்டத்தட்ட இரண்டரை சதவீத ஆல்கஹால், வெறும் ஆல்கஹால். அரைக் கிலோ போதும். அதையும் கொதி முடிய பத்து நிமிடம் இருக்கும்போது, அடுப்பை அணைத்துக் கிளறிக் கரைத்த பிறகு மறுபடி பற்றவையுங்கள். கரையாமல் அடியில் போய் உட்கார்ந்தால் தீய்ந்துவிடும். பனங்கட்டியில் மண்ணும் நாரும் இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். கொஞ்சம் வெந்நீரில் கரைத்துத் துணியில் வடித்து ஊற்றுவது இன்னும் நல்லது.

20 லிட்டருக்கு நான் போடும் கணக்கு: பேல் மால்ட் 6 கிலோ, கிரிஸ்டல் 400 கிராம், சாக்லேட் மால்ட் 300, வறுத்த பார்லி 300, பனங்கட்டி 500. மாஷ் 68 டிகிரி. 1.078 சுமாருக்கு வரும், 1.018இல் நிற்கும், 8 சதவீதத்துக்கு ஒரு முடி குறைவு.

தொண்டை எரிவு ஈஸ்ட் பட்ட கஷ்டம். இவ்வளவு கனமான சாற்றுக்கு ஒரு பாக்கெட் போதாது. டபிள்யூ 34/70 போன்ற உலர் லாகர் ஈஸ்ட் குறைந்தது இரண்டு பாக்கெட் போட்டு, முதல் மூன்று நாள் 16 டிகிரியைத் தாண்டாமல் பாருங்கள். எரிச்சலான ஆல்கஹால்கள் உருவாவது அந்த நாட்களில்தான். பிறகு 18, 20க்கு ஏறினால் பரவாயில்லை. போத்தலில் அடைத்து மூன்று மாதமாவது தொடாதீர்கள். அப்பாவுக்கு அதுவரை கடைப் போத்தல்.

கேள்வி (டெர்பி): என் பேல் ஏல் டெட்டாலில் ஊறிய பிளாஸ்திரி மாதிரி நாறுகிறது. எல்லாவற்றையும் பிளீச் போட்டுத்தான் கழுவினேன்.

பதில்: கேள்வியிலேயே பதில் இருக்கிறது. குளோரின் மால்ட்டிலும் ஈஸ்ட்டிலும் இருந்து வரும் ஃபீனால்களோடு சேர்ந்தால் குளோரோஃபீனால் ஆகும். துளியின் துளி இருந்தாலும் மூக்குக்குத் தெரியும், காத்திருந்தாலும் போகாது. ஊற்றிவிடுங்கள். பிளீச்சுக்குப் பதில் ஸ்டார்சான் போன்ற அமிலக் கிருமிநாசினி வாங்குங்கள். லிட்டருக்கு ஒன்றரை மில்லி, இரண்டு நிமிடம், அலச வேண்டாம், நுரை தங்கினாலும் கெடுதல் இல்லை. குழாய்த் தண்ணீரிலும் குளோரினோ குளோரமைனோ இருக்கும். முந்தைய இரவே 30 லிட்டருக்கு அரை கேம்ப்டன் மாத்திரையை நசுக்கிப் போட்டுவிட்டால் கவலை தீர்ந்தது.

கேள்வி (நியூ ஜெர்சி): ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா, "வீட்ல காய்ச்சினதைக் குடிச்சா கண்ணு போயிடும்"னு வாளியைப் பார்த்தாலே அழறாங்க. என்ன சொல்லிப் புரியவைப்பது?

பதில்: அம்மாவின் பயத்தைச் சிரித்துத் தள்ளாதீர்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டவர்கள் செத்ததைப் பார்த்தவர்கள் வேறெப்படிப் பேசுவார்கள்? அங்கே கொன்றது மெத்தனால் கலந்த சாராயம். பார்லிச் சாற்றை ஈஸ்ட் போட்டு நொதிக்கவைக்கும்போது மெத்தனால் கண்ணுக்கோ உடலுக்கோ கெடுதி செய்யும் அளவுக்கு உருவாவதில்லை. பழத்தோலில் உள்ள பெக்டினிலிருந்து கொஞ்சம் வரும், தானியத்தில் அதுவும் மிகக் குறைவு. பீரில் நாம் எதையும் காய்ச்சி வடித்துச் செறிவாக்குவதுமில்லை. அந்த வேலைக்கு மட்டும் போகாதீர்கள், உங்கள் ஊரில் அது குற்றமும்கூட. அடுத்தமுறை காய்ச்சும் நாளில் அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, மால்ட் வடித்த சாற்றைச் சூடாக ஒரு டம்ளர் கொடுங்கள். ஈஸ்ட் சேர்ப்பதற்கு முன்னால் அது வெறும் மால்ட் பானம்.

கேள்வி (டப்ளின்): ரிஃப்ராக்டோமீட்டரில் 12 பிரிக்ஸில் (சர்க்கரை அளவு) தொடங்கியது 6.2இல் ஒரு வாரமாக நகரவில்லை. கணக்குப்படி 1.024. மறுபடி ஈஸ்ட் போடவா?

பதில்: வேண்டாம். ரிஃப்ராக்டோமீட்டர் ஒளி வளைவதை அளக்கிறது. ஆல்கஹால் சேர்ந்ததும் கூடுதலாகக் காட்டும். திருத்திப் பார்த்தால் நீங்கள் இருப்பது 1.012க்குப் பக்கத்தில். பீர் முடிந்துவிட்டது. ஹைட்ரோமீட்டரை (மிதக்கவிட்டு அடர்த்தி பார்க்கும் கருவி) போட்டு உறுதி செய்துகொண்டு அடையுங்கள்.

கேள்வி (மெல்பர்ன்): கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்து ஒரு கிலோ, பார்லி மால்ட் 3 கிலோ போட்டேன். சுவை அபாரம், தவிடும் கொஞ்சம் சாக்லேட்டும் மாதிரி ஒரு வாசனை. ஆனால் சாறு வடிக்க அரை நாள் ஆனது. கடைசியில் கையால் பிழிந்தேன்.

பதில்: இந்தமுறை வந்த கடிதங்களில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். நேபாளத்திலும் சிக்கிமிலும் தோங்பா என்று ஒன்று உண்டு. மார்ச்சா என்ற உறைக்கட்டி போட்டு நொதித்த கேழ்வரகை மூங்கில் குவளையில் நிரப்பி, வெந்நீர் ஊற்றி, குழல் வைத்து உறிஞ்சுவார்கள். நீங்கள் போவது வேறு வழி, ஆனால் தானியத்துக்கு இந்த வேலை புதிதல்ல.

வடியாததற்குக் காரணம்: பார்லிக்கு உமி இருக்கிறது, அதுவே வடிகட்டி. கேழ்வரகு பொடிமணி, அரைத்தால் சேறாகிப் படுத்துவிடும். தீர்வு நெல் உமி. காய்ச்சும் சாமான் விற்கும் கடைகளிலேயே கிடைக்கும். 200 கிராமை நன்றாகக் கழுவி மாஷில் கலந்துவிடுங்கள், சாறு கண்ணாடியாக இறங்கும். இன்னொன்று: கேழ்வரகு மாவுச்சத்து பார்லியைவிட அதிகச் சூட்டில்தான் இளகும். கேழ்வரகைத் தனியே கூழாகக் காய்ச்சி, ஆறவைத்து, 66 டிகிரிக்கு வந்ததும் பார்லியோடு சேருங்கள். ஒரு மணி நேரம் கழித்து ஒரு ஸ்பூன் சாற்றை வெள்ளைத் தட்டில் விட்டு ஒரு சொட்டு அயோடின் போடுங்கள். கருநீலமானால் மாவு பாக்கி, இன்னும் கால் மணி நேரம் விடுங்கள். நிறம் மாறாவிட்டால் முடிந்தது. தட்டில் விட்டதை வாளியில் திருப்பி ஊற்றாதீர்கள்.

கேள்வி (ரெடிங்): ஹேஸி ஐபிஏ முதல் வாரம் மாம்பழச் சாறு நிறம், மாம்பழ வாசனை. நண்பர்கள் கொண்டாடினார்கள். மூன்றாவது வாரம் பழுப்பாகி அட்டைப்பெட்டி வாசனை.

பதில்: காற்று. இவ்வளவு ஹாப்ஸ் போட்ட பீர் ஆக்சிஜனைக் கண்டால் தாங்காது. உலர் ஹாப்ஸ் (கொதிக்கவைக்காமல் நேரே பீரில்) போட மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பது, குளிரவைக்கும்போது ஏர்லாக் வழியே காற்றை உள்ளிழுப்பது, பாட்டிலில் தளதளவென்று ஊற்றுவது, மூன்றும் சேர்ந்து கெடுக்கும். நொதிப்பு அடங்கும் முன்பே ஹாப்ஸைப் போடுங்கள், மிச்சக் காற்றை ஈஸ்ட்டே தின்னும். பாட்டிலின் அடிவரை குழாய் விட்டு நிரப்புங்கள். ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு மாதத்தில் குடித்துத் தீருங்கள். கெக்குக்கு (அழுத்தத்தில் அடைக்கும் உலோகப் பீப்பாய்) மாறும் வரை இதற்குமேல் செய்ய வழியில்லை. சொல்லப்போனால், பாட்டிலில் அடைப்பவர்கள் இந்த வகையை விட்டுவிட்டுப் பிட்டரோ போர்ட்டரோ போடுவதே நல்லது என்பேன். அடிக்க வராதீர்கள்.

கேள்வி (சென்னை): இங்கே செய்யலாமா அக்கா?

பதில்: கூடாது. 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது தமிழ்நாட்டில் குற்றம். பெங்களூர் போகும்போது அங்கே மைக்ரோபுரூவரிகளில் காய்ச்சுபவரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஆசையாகச் சுற்றிக் காட்டுவார்கள்.

கேள்வி (லெஸ்டர்): போனஸ் வந்திருக்கிறது. பளபளவென்று பீர் காய்ச்சும் எலக்ட்ரிக் கெட்டில் ஒன்று 500 பவுண்ட். வாங்கட்டுமா? இப்போது இருப்பது பழைய அலுமினிய அண்டா. பீர் சுமாராக வருகிறது, கோடையில் மோசம், குளிர்காலத்தில் நன்றாக.

பதில்: கோடையில் மோசம், குளிர்காலத்தில் நன்று என்றால் அண்டாவின் மேல் பழி போடாதீர்கள். யாராவது தூக்கிப்போடும் பழைய ஃப்ரிட்ஜ் ஒன்றைப் பிடியுங்கள். 40 பவுண்ட் அளவில் ஒரு டெம்பரேச்சர் கன்ட்ரோலர் வாங்கி, ஃப்ரிட்ஜின் பிளக்கை அதில் செருகுங்கள். சென்சாரை வாளியின் வெளிப்பக்கம் ஒட்டி, அதன்மேல் ஸ்பாஞ்ச் வைத்து டேப் சுற்றுங்கள். இல்லாவிட்டால் அது ஃப்ரிட்ஜுக்குள் இருக்கும் காற்றைத்தான் அளக்கும். நொதிப்பு உச்சத்தில் இருக்கும்போது வாளிக்குள் காற்றைவிட நான்கைந்து டிகிரி கூட இருக்கும். 19இல் வையுங்கள். மிச்சப் பணத்தில் நல்ல மால்ட் ஒரு மூட்டை வாங்கலாம், அதற்கப்புறமும் மீதி இருக்கும்.