மறுமொழி: கோயில் தளத்துக்கு எந்த வழங்கி மென்பொருள்?

வணக்கம் ஐயா. சுங்கை சிப்புட் தோட்டக் கோயிலின் வேர்ட்பிரஸ் (இணையதளம் அமைக்கும் இலவச மென்பொருள்) தளத்தை நான்கு ஜிபி நினைவகம் கொண்ட பழைய கணினியில் நடத்த வேண்டும் என்றும், இலவச மென்பொருளில் பாதுகாப்பு இருக்காது என்று கூறி மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் சர்வர் இயங்குதளத்தை வாங்கச் செயலவையினர் வற்புறுத்துவதாகவும் எழுதியிருந்தீர்கள்.

விண்டோஸ் சர்வருடன் வரும் வழங்கி மென்பொருள், அதாவது தளத்தின் பக்கங்களைப் பார்வையாளருக்கு அனுப்பும் மென்பொருள், ஐஐஎஸ். அதற்குத் தனி விலை இல்லை. செலவு விண்டோஸ் சர்வர் உரிமத்தில்தான் இருக்கிறது. உங்கள் கணினியின் செயலியில் நான்கு கோர்களே (கணிக்கும் உட்பகுதிகள்) இருந்தாலும், கோர் கணக்கில் விற்கப்படும் அவ்வுரிமத்தைக் குறைந்தது 16 கோர்களுக்கு வாங்க வேண்டும். நன்கொடைப் பணத்தை அதில் போடுவது வீண் என்பேன். பாதுகாப்பைப் பொறுத்தவரை, 2001இல் கோட் ரெட் புழு (தானாகப் பரவும் தீநிரல்) ஐஐஎஸ் வழங்கிகளைத் தாக்கியபோது, அதற்கான திருத்தம் ஏறத்தாழ ஒரு மாதம் முன்பே வெளியாகியிருந்தது. 2014இல் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளிப்பட்டது இணையத் தகவலை மறையாக்கம் செய்யும் இலவசத் திறமூல மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்எல்லில். ஆக, ஓட்டை இரு வகையிலும் வரும். முன்னதில் புதுப்பிக்காதவர்களே மாட்டிக்கொண்டார்கள். பின்னதிலும் திருத்தம் வெளியானதும் புதுப்பிப்பதே தீர்வாக இருந்தது.

வேர்ட்பிரஸ் பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டது என்பதால் இலவச வழங்கியான அப்பாச்சியே உங்களுக்குப் போதும். இன்னொரு இலவச வழங்கியான என்ஜின்எக்ஸ் நினைவகத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தும். ஆனால் பக்க முகவரிகளுக்கான விதிகளை வேர்ட்பிரஸ் எழுதிவைக்கும் அப்பாச்சியின் எச்டிஅக்சஸ் கோப்பை அது படிக்காது. நான் அதற்கு மாறிய அன்று முகப்பைத் தவிர எல்லாப் பக்கங்களும் 404 (பக்கம் இல்லை) என்று காட்டின. அந்த முகவரிகளை வேர்ட்பிரஸுக்கு அனுப்பும் டிரைஃபைல்ஸ் வரியை என்ஜின்எக்ஸ் அமைப்பில் சேர்த்த பிறகே சரியாயிற்று.

சந்தாக் கணக்குக்குப் பழைய ஏஎஸ்பி டாட்நெட் (மைக்ரோசாஃப்டின் இணைய நிரல் முறை) நிரல் ஏதேனும் வைத்திருந்தால் மட்டும் எழுதுங்கள், அதற்கு ஐஐஎஸ் தேவைப்படும்.