பெயரை நம்பாதே, எண்ணை எழுதிவை: மரபணு, புரதத் தேடல் பற்றிய கேள்வி பதில்

போன வாரம் வேலூரில் நடந்த பயிற்சியில் நேரம் போதவில்லை, மிச்சக் கேள்விகளை எழுதி அனுப்புங்கள் என்றிருந்தேன். நாற்பதுக்கு மேல் வந்துவிட்டன, பாதி ஒரே கேள்வி. எனக்குத் தெரிந்த வரைக்கும் சொல்கிறேன். அடிக்கடி வரும் யூனிபுராட் என்பது புரதங்களுக்கான இணையத் தரவுத்தளம்.

காட்பாடி, எம்.எஸ்சி. மாணவி: அக்கா, யூனிபுராட்டில் பி53 என்று தேடினால் பக்கம் பக்கமாக வருகிறது. எதை எடுப்பது?

வெறும் பெயரைப் போட்டால் அந்த எழுத்து எங்கெல்லாம் இருக்கிறதோ அத்தனையும் வரும், மா. பி53 என்பது புரதத்தின் பெயர். மரபணுப் பெயர் டிபி53, உயிரினம் மனிதன் (தரவுத்தளத்தில் அந்த உயிரினத்தின் எண் 9606), சரிபார்க்கப்பட்ட பதிவுகள் மட்டும் என்று மூன்றையும் சேர்த்துத் தேடு. பி04637 என்ற பதிவு கிடைக்கும், அதுதான் உனக்கு வேண்டியது. சரிபார்த்தது என்றால் ஆள் உட்கார்ந்து கட்டுரைகளைப் படித்து எழுதியது. அந்தப் பகுதிக்கு சுவிஸ்-புராட் என்று பெயர், ஐந்தரை லட்சத்துக்கு மேல் பதிவுகள் உண்டு. மற்றவை டிரெம்பிள், கணினி தானாக எழுதியவை, கோடிக்கணக்கில் கிடக்கின்றன. சுண்டெலியில் இதே மரபணுவுக்கு டிஆர்பி53 என்று பெயர், அதனால் உயிரினத்தைச் சொல்லாமல் தேடவே தேடாதே.

அந்த 53 என்பதே சரியான எடை கிடையாது. எடை வாரியாகப் புரதங்களைப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டியபோது 53 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) இருக்கும் இடத்தில் தெரிந்தது, பெயர் வைத்துவிட்டார்கள். 393 அமினோ அமிலங்களையும் கூட்டினால் 44கூட வராது. புரோலின் நிறைய இருப்பதால் ஜெல்லில் மெதுவாக நகர்கிறது. பெயர் அப்படியே நின்றுவிட்டது. அதனால்தான் நோட்டுப் புத்தகத்தில் பி04637 என்று எண்ணை எழுதிவை என்கிறேன்.

ராணிப்பேட்டை, ஆய்வக உதவியாளர்: பிஎஸ்ஏ என்று தேடினேன். புராஸ்டேட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு நொதி வருகிறதே?

இரண்டுக்குமே அந்தச் சுருக்கம் உண்டு. புராஸ்டேட்டுக்காக ரத்தப் பரிசோதனையில் பார்க்கும் பிஎஸ்ஏவின் மரபணு கேஎல்கே3. நீங்கள் பார்த்தது பியூரோமைசினால் தடைபடும் அமினோபெப்டிடேஸ், அதன் மரபணு என்பிஇபிபிஎஸ். மனித மரபணுக்களுக்குப் பெயரை முறைப்படுத்த எச்ஜிஎன்சி என்று ஒரு குழு இருக்கிறது. அவர்களுடைய தளத்தில் பழைய பெயரைப் போட்டால் இப்போதைய பெயர் என்ன என்று காட்டும். முதலில் அங்கே போங்கள், அப்புறம் யூனிபுராட்டுக்கு வாருங்கள்.

குடியாத்தம்: அப்பாவுக்கு பிஎஸ்ஏ 6 என்று வந்திருக்கிறது. பயப்படணுமா?

இது மருத்துவரிடம் கேட்க வேண்டியது, ஐயா. அறிக்கையை எடுத்துக்கொண்டு இந்த வாரமே போய்ப் பாருங்கள்.

வேலூர், பி.எச்டி. மாணவர்: எச்பிபி மரபணுவில் அரிவாள் செல் மாற்றம் ஆறாவது இடம் என்று வழிகாட்டி சொல்கிறார். யூனிபுராட்டில் ஏழு என்று இருக்கிறது. யார் சரி?

இரண்டும் ஒரே இடம்தான் தம்பி, எண்ணத் தொடங்கும் இடம்தான் வேறு. எச்பிபி என்பது ஹீமோகுளோபினின் ஒரு சங்கிலிக்கான மரபணு. அந்தப் புரதத்தின் பி68871 பதிவைத் திறந்து விரல் வைத்து எண்ணு. மெத்தியோனின், வாலின், ஹிஸ்டிடின், லியூசின், திரியோனின், புரோலின், குளுட்டாமிக் அமிலம். மாறுவது இந்தக் குளுட்டாமிக் அமிலம்தான், அது ஏழாவது. ஆனால் முதலில் நிற்கும் மெத்தியோனின் செல்லுக்குள்ளேயே வெட்டப்பட்டுவிடும், ரத்தத்தில் ஓடும் புரதத்தில் அது கிடையாது. 1957இல் இங்கிராம் என்ற ஆய்வாளர் இந்த மாற்றத்தைக் கண்டுபிடித்தபோது அவர் கையில் இருந்தது புரதம்தான், மரபணு வரிசை இல்லை. அதனால் ஆறு. மரபணு மாற்றங்களைக் குறிக்கும் இன்றைய எச்ஜிவிஎஸ் எழுதுமுறை மெத்தியோனினை ஒன்று என்று வைத்து எண்ணும், அதனால் ஏழு.

ஆற்காடு, உதவிப் பேராசிரியர்: பாடநூல் எல்லாவற்றிலும் ஆறுதான். மாணவர்களை ஏன் குழப்புகிறீர்கள்?

சார், தேர்வில் ஆறு என்று எழுதட்டும், தப்பே இல்லை. ஆனால் தரவுத்தளத்திலிருந்து வரிசையை எடுத்து ஆறாவதை மாற்றினால் மாறுவது புரோலின். எனக்குத் தெரிந்த ஒரு மாணவன் அப்படித்தான் கணினியில் புரத மாதிரியை உருவாக்கி மூன்று வாரம் தவறான இடத்தை ஆராய்ந்துகொண்டிருந்தான். அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்பதுதான் என் வருத்தம்.

ஆம்பூர்: உடம்பில் உள்ள புரதத்துக்கு ஆறுதானே உண்மை? எழுதுமுறைக்காக உயிரியலை மாற்றலாமா?

நியாயமான கேள்வி. உடம்பில் இருப்பதைப் பேசும்போது ஆறு என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் எல்லாப் புரதத்திலும் வெட்டு ஒரே இடத்தில் விழுவதில்லை. இன்சுலினில் முன்னால் 24 அமினோ அமிலங்கள் போய்விடும், நடுவிலும் ஒரு துண்டு போகும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு வைத்தால் நோயாளியின் அறிக்கையை ஒரு ஆய்வகம் எழுதி இன்னொன்று படிக்க முடியாது. டிஎன்ஏ அளவில் எழுதிவிட்டால் சண்டையே இல்லை: புரதத்தைக் குறிக்கும் டிஎன்ஏ வரிசையில் 20ஆவது எழுத்தான ஏ, டி ஆகிறது. ஆய்வேட்டில் ஏழு என்று போட்டு, பழைய எண் ஆறு என்று பக்கத்தில் குறித்துவிடு வேலூர்த் தம்பி, வழிகாட்டியும் ஒத்துக்கொள்வார்.

(இதே விஷயத்தில் இன்னும் ஒன்பது பேர் எழுதியிருக்கிறீர்கள். பதில் மேலே இருக்கிறது.)

வாலாஜாபேட்டை: எக்செல்லில் மரபணுப் பட்டியலை ஒட்டினால் சில பெயர்கள் தேதியாக மாறுகின்றன.

செப்ட்2 என்று போட்டால் செப்டம்பர் 2 ஆகிவிடும். 2016இல் வந்த ஓர் ஆய்வில், எக்செல் மரபணுப் பட்டியலோடு வந்த கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்த வகைப் பிழை இருந்தது. 2020இல் பெயரையே மாற்றிவிட்டார்கள்: செப்ட்2 இப்போது செப்டின்2, மார்ச்1 இப்போது மார்ச்எஃப்1. பழைய பட்டியல்களில் பழைய பெயர்தான் இருக்கும், கவனம். ஒட்டும் முன் அந்த நெடுவரிசையை உரை (டெக்ஸ்ட்) என்று மாற்றுங்கள், பெயரோடு எண்ணையும் வையுங்கள்.

அணைக்கட்டு, வேளாண் மாணவி: இலவம்பாடி முள்ளு கத்தரியை வெட்டினால் கறுப்பது ஏன் என்று பார்க்கிறேன். கத்தரிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

நல்ல வேலை எடுத்திருக்கிறாய். கறுக்க வைக்கும் நொதி பாலிஃபீனால் ஆக்சிடேஸ். கத்தரிக்காய் என்று ஊர்ப் பெயரில் தேடாமல் சொலானம் மெலோஞ்சனா, எண் 4111 என்று தேடு. சரிபார்த்தவை மிகக் குறைவாகத்தான் இருக்கும், இங்கே டிரெம்பிளையும் சேர்த்துக்கொள். தக்காளி (4081) பதிவை வைத்து ஒப்பிடு, இரண்டும் ஒரே குடும்பம். இந்தச் செடியில் இந்த மரபணு ஒன்றல்ல, பல நகல்கள் உண்டு. எந்த நகல் என்று எண்ணோடு குறி.

சத்துவாச்சாரி: பி53 தேடினால் நிறைய வருகிறதே?

முதல் பதிலைப் படி.

திருப்பத்தூர்: என்னிடம் பெயரே இல்லை, அமினோ அமில வரிசை மட்டும்தான் இருக்கிறது.

அப்படியானால் பெயரால் வரும் குழப்பம் எதுவும் உனக்கு இல்லை. வரிசைகளை ஒப்பிட்டுத் தேடும் பிளாஸ்ட் என்ற கருவியில் வரிசையை ஒட்டு, சுவிஸ்-புராட்டை மட்டும் தேர்ந்தெடு. முதலில் வருவதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், வரிசை எவ்வளவு நீளத்துக்குப் பொருந்துகிறது என்று பார். முப்பது எழுத்து மட்டும் பொருந்தினால் அது உன் புரதமாக இல்லாமலும் போகலாம்.