‘மேலே பாடு’ என்றால் ஏன் கத்துகிறாள்?

கேள்வி: ஐந்து வயது மகளைப் பாட்டு வகுப்பில் சேர்த்து மூன்று மாதம் ஆகிறது. முதல் பாடமான சரளி வரிசை என்றாலே அழுகிறாள். ‘மேலே பாடு’ என்றால் கத்துகிறாள். சுருதி ஞானமே இல்லை என்கிறார் ஆசிரியை. எனக்கும் சங்கீதம் தெரியாது. வீட்டில் என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: ஐந்து வயதுக் குழந்தைக்குச் சுருதி ஞானம் இல்லை என்று தீர்ப்புச் சொல்வது அநியாயம், அம்மா. அதை மனதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ‘குரலை உயர்த்தாதே’ என்று வீட்டில் நாம் சொன்னால், கத்தாதே என்றுதானே பொருள்? அப்படியானால் ‘மேலே பாடு’ என்றதும் அவள் கத்துவதில் என்ன தப்பு? சுருதி ஏறுவது (ச-விலிருந்து ரி, க என்று மேலே போவது) வேறு, சத்தம் கூடுவது வேறு என்பதை அவள் காது இன்னும் சந்திக்கவில்லை.

ஒரே மாதிரியான இரண்டு கண்ணாடி டம்ளர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைப் பென்சிலால் மெல்லத் தட்டச் சொல்லுங்கள். பிறகு சற்று அழுத்தி. சத்தம் கூடும், சுவரம் மாறாது. இப்போது மற்றதில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு முறையும் தட்டட்டும். தண்ணீர் ஏற ஏற சுவரம் இறங்கும். ஜலதரங்கக் கிண்ணங்களின் சூட்சுமமே இதுதான். நீங்கள் விளக்க வேண்டாம். ‘எது மேலே, எது கீழே?’ என்று மட்டும் கேளுங்கள். அவள் கையைத் தூக்கியும் தாழ்த்தியும் காட்டட்டும். இரண்டு டம்ளரிலும் ஒரே சுவரம் வரும்வரை ஊற்றியும் கொட்டியும் பார்க்க விடுங்கள். தரை நனையும், நனையட்டும். சுருதி சேர்ப்பது என்பது இதுதான்.

தாளத்துக்கு மாடிப்படி போதும். ‘தகதிமி’ சொல்லிக்கொண்டே ஏறுங்கள், எழுத்துக்கு ஒரு படி. ஒவ்வொரு ‘த’வுக்கும் அதே கால்தான் வரும். ‘தகிட’ சொல்லி ஏறினால் ‘த’ ஒருமுறை வலது காலில், மறுமுறை இடது காலில் விழும். இதைக் குழந்தை தானே கண்டுபிடித்துச் சொல்லும்போது முகத்தைப் பாருங்கள்! நான்கு எழுத்து நடைக்குச் சதுசிரம், மூன்று எழுத்து நடைக்குத் திசிரம் என்ற பெயர்கள் பிறகு வரட்டும்.

கோயிலில் நாகஸ்வரம் கேட்டால் பக்கத்தில் நின்று, அடியில் ஒரே சுவரத்தை விடாமல் ஒலிக்கும் ‘ஒத்து’ என்ற குழலையோ சுருதிப் பெட்டியையோ கவனிக்கச் சொல்லுங்கள். அதனோடு ‘ம்ம்ம்’ என்று இருவரும் சேர்ந்து முனகிப் பாருங்கள்.

வகுப்பை ஆறு மாதம் நிறுத்திவையுங்கள். அதுவரை, விருந்தாளிகள் வந்தால் ‘ஒரு பாட்டுப் பாடு’ என்று அவளை நடுக்கூடத்தில் நிறுத்த வேண்டாம்.