பூஜ்யத்தில் உறையாத தண்ணீர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பச்சைத் தண்ணீரைவிட வெந்நீர் சீக்கிரம் உறையும் என்று ஏதோ வீடியோவில் பார்த்துவிட்டு, எட்டாவது படிக்கும் என் மகன் இரண்டு டம்ளரை ஃப்ரீசரில் வைத்தான். பச்சைத் தண்ணீர்தான் முதலில் உறைந்தது. "இதெல்லாம் பொய், பரீட்சைக்குப் படி" என்று சொல்லிவிட்டேன். சரிதானே? சீக்கிரம் ஐஸ் போட என்ன வழி? மினரல் வாட்டர் நல்லதா?

செல்வி

*

அன்புள்ள செல்வி,

தட்டையான பாத்திரத்தில் கொஞ்சமாக ஊற்றி வையுங்கள், சீக்கிரம் உறையும். மினரல் வாட்டர் தண்டச்செலவு. ஐஸ் விஷயம் முடிந்தது.

"பரீட்சைக்குப் படி" என்றீர்களே, அதுதான் சுருக்கென்றது. ஒரே ஒரு தடவை, இரண்டே டம்ளர். அதற்குள் தீர்ப்பா? 1963இல் டாங்கனிகாவில் (இன்றைய டான்சானியா) எரஸ்டோ எம்பெம்பா என்ற பள்ளி மாணவன், ஐஸ்கிரீமுக்குக் காய்ச்சிய பாலை ஆறவிட்டால் ஃப்ரீசரில் இடம் போய்விடும் என்று சுடச்சுட உள்ளே வைத்தான். காய்ச்சாத பாலை வைத்தவனுடையது கூழாகவே இருக்க, இவனுடையது உறைந்துவிட்டது. ஏன் என்று கேட்டதற்கு, நீ குழம்பிப்போயிருக்கிறாய் என்றார் ஆசிரியர். அடுத்த பள்ளியில் இன்னொரு ஆசிரியர், இது "எம்பெம்பாவின் இயற்பியல்" என்று கேலி செய்தார். வகுப்பே அதைப் பிடித்துக்கொண்டது. பையன் விடவில்லை. தாருஸ்ஸலாம் பல்கலைக்கழகக் கல்லூரியிலிருந்து பேச வந்த டெனிஸ் ஆஸ்போர்னிடமும் கேட்டான். பையன்கள் சிரித்தார்கள்; ஆஸ்போர்ன் திரும்பிப் போய்ச் சோதித்துப் பார்க்க ஏற்பாடு செய்தார். 1969இல் இருவர் பெயரிலும் கட்டுரை வந்தது.

அது உண்மையா என்றால், சண்டை இன்னும் ஓயவில்லை. 2016இல் பரிட்ஜ், லிண்டன் என்ற இருவர் கவனமாக அளந்து, வெந்நீர் முந்துவதற்கு ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். ஆனால் அவர்கள் அளந்தது, தண்ணீர் பூஜ்யம் டிகிரிக்கு இறங்க எடுக்கும் நேரத்தை. பூஜ்யத்துக்கு இறங்குவது வேறு, உறைவது வேறு. இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் காதில் வாங்குவதில்லை!

பூஜ்யத்தில் ஐஸ் உருகும், சந்தேகமில்லை. தண்ணீர் அங்கே உறைந்தே தீர வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. முதல் படிகம் உண்டாக ஒரு பிடிமானம் வேண்டும். தூசியோ, பாத்திரத்தின் கீறலோ ஏதாவது ஒன்று. தயிருக்கு உறைமோர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அது கிடைக்காவிட்டால் பூஜ்யத்துக்குக் கீழேயும் தண்ணீர் தண்ணீராகவே கிடக்கும். மேகத்தின் சுத்தமான நுண்துளிகள் மைனஸ் 38 டிகிரி வரைகூடத் தாக்குப்பிடிக்கும். மழைநீர் அடைத்த கண்ணாடிக் குமிழைக் கடுங்குளிரில் வைத்த ஃபாரன்ஹீட் (வெப்பமானி அளவுக்குப் பெயர் தந்தவர்), அது உறையாமல் இருந்ததையும், முனையை உடைத்ததும் சட்டென்று ஐஸ் பிடித்ததையும் 1724லேயே எழுதிவிட்டார். உங்கள் மகனின் இரண்டு டம்ளரில் எதில் கீறல் அதிகம், எது ஃப்ரீசரின் எந்த மூலையில் இருந்தது? பார்த்தீர்களா?

என் சித்தப்பா தூத்துக்குடியில் ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தார். உப்புத் தண்ணீர்த் தொட்டி மைனஸ் 10 டிகிரிக்குப் பக்கத்தில் இருந்தும் உறையாது, உப்பு விடாது. அதில் இறக்கிய தகரக் கேன்களில் நல்ல தண்ணீர் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி உறைந்து வரும். பழைய கேன், போர் தண்ணீர், பிடிமானத்துக்குப் பஞ்சமே இல்லை. ஐஸ் பாரின் நடுவில் மட்டும் ஏன் வெள்ளை என்று கேட்டேன். லாரி காத்துக்கொண்டிருந்தது. ஆனாலும் ஒரு பாரை நெடுக்காகப் பிளந்து காட்டினார். ஓரம் கண்ணாடி, நடுத்தண்டு முழுக்க ஊசி ஊசியாகக் காற்றுக்குமிழி. உறையும் தண்ணீர் தன்னிடமிருந்த காற்றையும் அழுக்கையும் உள்ளே தள்ளிக்கொண்டே போகும், கடைசியில் எல்லாம் நடுவில் மாட்டிக்கொள்ளும் என்றார். அந்த ஐஸுக்குக் கணக்கு எழுத வேண்டியிருந்ததே என்று முதலாளி சத்தம் போட்டது தனிக்கதை.

அப்புறம், மகனிடம் சொல்லுங்கள். டம்ளர்களை இடம் மாற்றி மாற்றி வைத்துப் பல தடவை பார்க்கட்டும். உறைந்தது என்று எதைச் சொல்கிறான், மேலே ஆடை பிடித்ததையா, முழுக்க இறுகியதையா என்பதை முதலிலேயே நோட்டில் எழுதிவைக்கட்டும். பிரிக்காத பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் ஒன்றையும் ஆடாமல் படுக்கவைத்து, உறைவதற்குள் எடுத்துத் தட்டிப் பார்க்கட்டும். அதிர்ஷ்டம் இருந்தால் ஊசிகள் சரசரவென ஓடும். ஆனால் முழுக்கக் கட்டியாகாது, கூழாகத்தான் நிற்கும். உறையும்போது வெளியாகும் சூடே தண்ணீரைப் பூஜ்யத்துக்குத் தூக்கிவிடும்.

கண்ணாடி பாட்டில் மட்டும் வேண்டாம். உறைந்தால் சுமார் 9 சதவீதம் விரியும், வெடித்துவிடும். ஆமாம், பரீட்சை எந்தப் பாடத்தில்? அதை நீங்கள் எழுதவில்லையே.