பேட்டரி எங்கே கரைகிறது?

மூளைத் தூண்டல் கருவிகளின் மின்செலவு பற்றி வாசகர்கள் கேட்டவை

கேள்வி: பார்க்கின்சனுக்காக என் அப்பாவுக்கு டிபிஎஸ் கருவி (மூளையின் ஆழத்தில் மின்முனை வைத்துத் தூண்டுவது) பொருத்தி மூன்று வருடம் ஆகிறது. அமைப்பு 3 மில்லிஆம்பியர், 60 மைக்ரோசெகண்ட், 130 ஹெர்ட்ஸ். அதே கருவியும் அதே அமைப்பும் உள்ள இன்னொருவருக்கு ஐந்து வருடமாக ஓடுகிறது. அப்பாவுக்கு மட்டும் பேட்டரி ஏன் இவ்வளவு சீக்கிரம் தீர்கிறது?

மின்தடையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஒரு துடிப்பு 60 மைக்ரோசெகண்டுக்கு 3 மில்லிஆம்பியர், நொடிக்கு 130 துடிப்பு. சராசரி எடுத்தால் 23.4 மைக்ரோஆம்பியர். இது மூளைக்குப் போவது. பேட்டரியிலிருந்து போவதும் இதே அளவா, இரண்டு பங்கா என்பது கருவிக்குள் இருக்கும் மின்னழுத்தப் பெருக்கியின் கையில்.

பேட்டரி 3.2 வோல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்முனையில் 900 ஓம் இருந்தால் 3 மில்லிஆம்பியரைத் தள்ள 2.7 வோல்ட் வேண்டும். உள்சுற்றின் இழப்புக்கு 0.3 சேர்த்தால் 3.0. பேட்டரியே சமாளித்துவிடும். மின்தடை 1,100 ஓம் என்றால் 3.3 கூட்டல் 0.3, ஆக 3.6 வோல்ட். பேட்டரிக்கு எட்டாது. பெருக்கி உடனே அடுத்த படியான இரு மடங்குக்கு, அதாவது 6.4 வோல்ட்டுக்குத் தாவும். தேவைக்கு மேல் உள்ள 2.8 வோல்ட் சுற்றுக்குள்ளேயே வெப்பமாக வீணாகும், பேட்டரி 46.8 மைக்ரோஆம்பியர் கொடுத்தாக வேண்டும். 200 ஓம் வித்தியாசத்துக்கு இரட்டைச் செலவு! பேட்டரிக்கு வயதாகும்போது அதன் வோல்ட்டும் சரியும் என்பதால், இன்று படிக்குக் கீழே இருப்பவர் நாளை மேலே போய்விடலாம்.

எல்லாக் கருவியும் இப்படித் தாவுவதில்லை. ஒன்றரை மடங்கு போன்ற இடைப்படி உள்ளவையும் உண்டு. அதனால் அடுத்த முறை போகும்போது இரண்டைக் கேளுங்கள்: ஒவ்வொரு மின்முனையின் மின்தடை என்ன, பெருக்கியின் படி எந்த இடத்தில் வருகிறது? மேலே சொன்ன 1,100 ஓம் கணக்கில் 3.0 மில்லிஆம்பியரை 2.8 ஆக்கினால் 3.38 வோல்ட் வேண்டும். படி இறங்காது, மிச்சம் 7 சதவீதம்தான். 2.6 ஆக்கினால் 3.16 வோல்ட், செலவு பாதிக்கும் கீழே போய்விடும். அந்த அளவில் நடுக்கமும் இறுக்கமும் கட்டுக்குள் நிற்கின்றனவா என்பதை மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். நிற்காவிட்டால், மின்தடை குறைந்த பக்கத்து மின்முனையில் அதே பலன் கிடைக்கிறதா என்று சோதிக்கலாம்.

மின்தடை 250 ஓமுக்குக் கீழே காட்டினால் கம்பிகள் உள்ளே ஷார்ட் ஆகியிருக்க வாய்ப்புண்டு. பல ஆயிரம் ஓம் காட்டினால் கம்பி அறுந்திருக்கலாம், இணைப்பு தளர்ந்திருக்கலாம். திசைவாரியாகப் பிரித்த மின்முனைகளுக்குப் பரப்பு சிறியது. அவற்றில் அளவு கூடுதலாகத்தான் காட்டும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

கேள்வி: துடிப்பின் அகலத்தை, அதாவது அது நீடிக்கும் நேரத்தை, குறைத்தால் மின்சாரம் மிச்சம்தானே? 60 மைக்ரோசெகண்டை 30 ஆக்கினால் பாதியாகாதா? (மின்னணுவியல் மாணவி)

ஆகாது. அகலம் குறைந்தால் நரம்பிழையைத் தூண்டக் கூடுதல் மின்னோட்டம் வேண்டும். இழையின் குரோனாக்சி (மிக நீண்ட துடிப்புக்குப் போதுமான மின்னோட்டத்தைப் போல் இரு மடங்கு தேவைப்படும் துடிப்பு அகலம்) 70 மைக்ரோசெகண்ட் என்று கொண்டால், 60-இல் 3 மில்லிஆம்பியர் போதுமான இடத்தில் 30-க்கு 4.6 வேண்டும். ஒரு துடிப்பின் மின்னூட்டம் 180 நானோகூலும்பிலிருந்து 138-க்கு இறங்கும். 23 சதவீத மிச்சம் என்று காகிதத்தில் அழகாகத் தெரியும். ஆனால் 900 ஓமில் 4.6 மில்லிஆம்பியருக்கு 4.1 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். மறுபடி அதே பெருக்கி! பேட்டரி கொடுப்பது 276 ஆகிவிடும், அதாவது முன்னைவிட 50 சதவீதத்துக்கும் மேல் அதிகம். குறுகிய துடிப்பால் பக்கவிளைவு குறையலாம், அது வேறு கணக்கு.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் மின்னூட்டத்தைத் திரும்ப எடுத்தாக வேண்டும். இல்லையென்றால் மின்முனை அரிக்கும், திசு கெடும். அதை மின்தேக்கி வழியே தானாக வடிய விட்டால் பேட்டரிக்குச் செலவில்லை. எதிர்த்துடிப்பைப் பேட்டரியிலிருந்தே கொடுத்தால் துடிப்புச் செலவு ஏறக்குறைய இரட்டிப்பு.

கேள்வி: இரவில் அணைத்து வைக்கலாமா?

எசென்ஷியல் ட்ரெமர் எனும் நடுக்க நோய்க்கு வைத்தவர்கள் பலர் மருத்துவர் அனுமதியோடு தூங்கும்போது அணைக்கிறார்கள். பார்க்கின்சனுக்கு அப்படிச் செய்யாதீர்கள். படுக்கையில் புரளக்கூட முடியாமல் போகும். வலிப்பு நோய்க்கோ 1 நிமிடம் ஓடி 5 நிமிடம் ஓய்வு என்பதே வழக்கமான முறை.

கேள்வி: மூளை அலையைப் பார்த்துத் தானே கூட்டிக் குறைக்கும் கருவி பேட்டரியை மிச்சப்படுத்துமா?

படுத்தும், ஆனால் விளம்பரம் சொல்லும் அளவுக்கு எல்லோருக்கும் அல்ல. 2013-இல் 8 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், 13 முதல் 30 ஹெர்ட்ஸ் பீட்டா அலை எழும்போது மட்டும் தூண்டியதால் தூண்டும் நேரம் 56 சதவீதம் குறைந்தது. அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவி ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ 2025-இல் இந்த வகைக்கு ஒப்புதல் தந்தது. அந்த அலையின் வலிமை சில மைக்ரோவோல்ட். பக்கத்திலேயே வோல்ட் கணக்கில் துடிப்பு போகிறது. இந்த இரைச்சலில் அதைப் பிரித்தெடுக்கச் சமிக்ஞைப் பெருக்கியும் செயலியும் ஓயாமல் விழித்திருக்க வேண்டும். விழித்திருக்க 10 மைக்ரோஆம்பியர் ஆகிறது என்று வைப்போம். 23.4-இல் 56 சதவீதம் 13; நிகர லாபம் மூன்றுதான். 46.8 செலவழிப்பவருக்கு 16. ஏற்கெனவே சிக்கனமாக ஓடும் கருவிக்கு இது பெரிதாக எதையும் சேர்க்காது.

கேள்வி: சார்ஜ் ஏற்றும்போது மார்பில் சூடு தெரிகிறது. சார்ஜரின் அதிர்வெண்ணைக் கூட்டி வேகமாக ஏற்ற முடியாதா?

மார்புத் தோலுக்கடியில் இருக்கும் கருவியின் பெட்டி டைட்டானியம். 100 கிலோஹெர்ட்ஸில் காந்தப்புலம் அதற்குள் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் ஊடுருவும், 13.56 மெகாஹெர்ட்ஸில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பெட்டிச் சுவரிலேயே சுழல் மின்னோட்டமாக நின்றுவிடும், அதுவே சூடு. சார்ஜர் கொஞ்சம் விலகி அமர்ந்தாலும் இதே கதைதான்: சார்ஜருக்கும் கருவிக்கும் இடையிலான காந்தப் பிணைப்பு குறையும், சார்ஜர் புலத்தைக் கூட்டும், பெட்டி சூடாகும். கருவியின் வெளிப்பரப்பு 39 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்பது பொது வரம்பு. சார்ஜரை அங்குலம் அங்குலமாக நகர்த்தி, பிணைப்பு காட்டி உச்சத்தைத் தொடும் இடத்தில் பட்டையை இறுக்குங்கள். அதன் மேல் படுத்துத் தூங்காதீர்கள்.

கேள்வி: சார்ஜ் செய்ய முடியாத கருவியில் மாற்றும் எச்சரிக்கை வந்துவிட்டது. பண்டிகை முடியட்டும் என்று தள்ளலாமா?

தள்ளாதீர்கள். கருவி வைத்தபின் பலருக்கு மாத்திரை குறைக்கப்பட்டிருக்கும். கருவி திடீரென நின்றால் பழைய அளவு மாத்திரைக்கு உடனே திரும்பினாலும் உடல் இறுகுவதைத் தடுக்க முடியாமல் போகலாம். எச்சரிக்கை வந்த அன்றே தேதி வாங்குங்கள். நின்றுவிட்டால் என்ன மாத்திரை, எவ்வளவு என்பதையும் அப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.