1816 இங்கிலாந்தில், மனைவி இறந்தபின் கொழுந்தியாளைக் கட்டிக்கொள்ள முடியுமா?

கேட்டவர் ரீஜென்சி காலத்து (இங்கிலாந்தில் 1811 முதல் 1820 வரை) ‘ஸ்வீட் ரொமான்ஸ்’ ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறார். நாயகன் மனைவியை இழந்த பிரபு. கைக்குழந்தையை வளர்ப்பவள் இறந்தவளின் தங்கை. முத்தத்தோடு நிறுத்திக்கொள்ளும் ரகம் என்பதால் கடைசியில் கல்யாணம் நடந்தே ஆகவேண்டும். அது செல்லுமா என்பதுதான் கேள்வி.

நடக்கும், ஆனால் எவனாவது வழக்குப் போட்டால் கலையும். (பதில் இங்கிலாந்துக்கு மட்டும். ‘ஸ்காட்லாந்துக்கு ஓடிப்போய், காதலர்கள் அவசரக் கல்யாணம் செய்யும் எல்லைக் கிராமமான கிரெட்னா கிரீனில் கட்டலாமே’ என்று கிளம்புபவர்களுக்கு: அங்கேயும் மனைவியின் சகோதரி விலக்குதான். கிரெட்னாவால் பெற்றோர் சம்மதம் என்ற தடையைத் தாண்டலாம், உறவுத் தடையைத் தாண்ட முடியாது.)

நம் ஊரில் அக்கா போனால் குழந்தைக்காகத் தங்கையைக் கட்டிவைப்பது சகஜம். அதனால்தான் தமிழில் இந்த வகைக் கதை எழுதுபவர்கள் இதில் சறுக்குகிறார்கள். அங்கே அன்று கணக்கே தலைகீழ். சித்தப்பா மகளைக் கட்டலாம், பெரியம்மா மகளைக் கட்டலாம். அக்கா மகளையும் கொழுந்தியாளையும் கட்டக்கூடாது. கணவனும் மனைவியும் ஒரே உடல், ஆகவே அவள் தங்கை உனக்கும் தங்கை என்பது சர்ச்சின் வாதம். ஆணுக்கு 30, பெண்ணுக்கு 30 என்று விலக்கப்பட்ட உறவுகளின் பட்டியல் ஒன்று உண்டு. 1604 திருச்சபை விதிப்படி அதை ஒவ்வொரு கோயிலிலும் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டவேண்டும். ஆணின் பட்டியலில் முதல் வரியே பாட்டி. பிரசங்கம் நீண்டால் உங்கள் நாயகி அந்தப் பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். சகோதரி, அடுத்து மனைவியின் சகோதரி, அடுத்து சகோதரனின் மனைவி.

இனி சட்டம். 1835 ஆகஸ்ட் 31 வரை நடந்த இத்தகைய கல்யாணம் தானாகச் செல்லாமல் போகாது. திருச்சபை நீதிமன்றத்தில் யாராவது வழக்குப் போட்டு ரத்து வாங்கவேண்டும், அதுவும் கணவன் மனைவி இருவரும் உயிரோடு இருக்கும்போதே. ஒருவர் கண்ணை மூடிவிட்டால் அதன்பிறகு கலைக்க வழியில்லை, பிள்ளைகள் முறையான வாரிசுகள். ரத்தானாலோ பிள்ளைகளுக்குப் பட்டமும் இல்லை, அதோடு வரும் சொத்தும் இல்லை. யாரும் வழக்குப் போடாமலே வாழ்ந்து முடித்தவர்கள் உண்டு. நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டினின் தம்பி சார்ல்ஸ், இறந்த மனைவியின் சகோதரியைத்தான் 1820இல் மணந்தார்.

நடைமுறையில் இடறும் இடம் கல்யாண அறிவிப்பு. மூன்று ஞாயிறு கோயிலில் வாசிப்பார்கள், ஊரில் யாரும் எழுந்து ஆட்சேபிக்கலாம். லைசென்ஸ் வாங்கினால் வாசிப்பு இல்லை, ஆனால் உறவுத் தடை ஏதுமில்லை என்று சத்தியம் செய்யவேண்டும், அது பொய்ச் சத்தியம். பேராயரின் ஸ்பெஷல் லைசென்ஸை சர்வரோக நிவாரணியாக எழுதுகிறார்கள். அது இடத்தையும் நேரத்தையும் மட்டுமே தளர்த்தும். நம்பும்படி எழுத, ஜோடியை லண்டனின் பெரிய பங்கு (ஒரு கோயிலுக்கு உட்பட்ட பகுதி) ஒன்றுக்குக் கொண்டுபோங்கள். லைசென்ஸுக்கு அந்தப் பங்கில் 4 வாரம் குடியிருக்கவேண்டும் (1753 சட்டம்). அங்கே முகம் தெரிந்தவர் இல்லை.

கதையை 1835க்குப் பின் தள்ளிவிடாதீர்கள். அந்த வருடச் சட்டம் பழைய கல்யாணங்களைக் காப்பாற்றிவிட்டு, புதியவற்றை அடியோடு செல்லாது என்றது. இறந்த மனைவியின் தாய்க்கு இன்னொரு கணவர் மூலம் பிறந்த தங்கையை 1822இல் மணந்த, பின்னாளில் 7ஆம் போஃபோர்ட் டியூக் ஆனவரின் பிள்ளைகளுக்காகவே அது வந்தது என்பார்கள். வெளிநாட்டில் போய்க் கட்டினாலும் இங்கிலாந்தை நிரந்தர வசிப்பிடமாகக் கொண்டவர்களுக்குச் செல்லாது என்று பிரபுக்கள் சபை 1861இல் தீர்த்துவிட்டது. அப்படியும் ஓவியர் ஹோல்மன் ஹன்ட் 1875இல் சுவிட்சர்லாந்தில் போய்க் கட்டினார். கொழுந்தியாளுக்கு வழி பிறந்தது 1907இல், அண்ணன் தம்பியின் விதவைக்கு 1921இல்தான்.

சம்பந்தமில்லாத ஒரு புலம்பல். ‘சிஸ்டர் இன் லா’ என்று கண்டதும் தமிழில் ‘அண்ணி’ என்று போட்டுவிட்டுப் போகும் மொழிபெயர்ப்பாளர்களை என்ன செய்ய? அது அண்ணியாகவும் இருக்கலாம், கொழுந்தியாளாகவும் நாத்தனாராகவும் இருக்கலாம். நாயகன் அண்ணியைக் காதலிக்கிறான் என்று படிக்கும் தமிழ் வாசகருக்கு வேறொரு கதை ஓடும். போதாததற்கு அந்தக் காலத்தவர் கொழுந்தியாளை வெறும் ‘சிஸ்டர்’ என்றே அழைப்பார்கள். உங்களுக்கு அது லாபம். தங்கை என்று பெயர் இருப்பதால்தான் அவள் துணையில்லாமல் அவன் வீட்டில் தங்கமுடிகிறது. அவன் முதன்முதலாக ‘சிஸ்டர்’ என்பதை விட்டு அவள் பெயரைச் சொல்லும் இடம் ஒரு முழு அத்தியாயம் தாங்கும்.

சட்டச் சிக்கலே வேண்டாம் என்றால் அவளை மனைவியின் ஒன்றுவிட்ட அத்தை மகளாக்கிவிடுங்கள், பட்டியலில் அந்த உறவு இல்லை. சிக்கல் வேண்டும் என்றால் கைக்குழந்தையை மட்டும் பெண்ணாக்குங்கள். ஆண் என்றால் முதல் தாரத்து மகனாக அவனே வாரிசு, நாயகனின் தம்பி வழக்குப் போட்டு அடையப்போவது ஒன்றுமில்லை. பெண் என்றால், இரண்டாம் கல்யாணத்தில் ஒரு பையன் பிறந்த அன்றே அந்தத் தம்பி வக்கீலைத் தேடிப் போவான்.