எழுவாய் எங்கே போனது?

கேள்வி: எங்கள் வீட்டில் மூன்று நாளிதழ்கள் வாங்குகிறோம். தலையங்கத்தைப் படித்தாலே எது எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடுகிறது. ஆனால் செய்தி என்பது நடந்ததைச் சொல்வதுதானே? அதிலும் சார்பு இருக்கிறது என்று எழுதுகிறீர்கள். சாதாரண வாசகர் அதை எப்படிக் கண்டுபிடிப்பது?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: தலையங்கத்தை விட்டுவிடுங்கள். கருத்துச் சொல்லத்தான் அந்த இடம். முரசொலி, தீக்கதிர், விடுதலை போன்ற ஏடுகள் தாங்கள் யார் என்பதை மறைப்பதும் இல்லை. விடுதலை 'பார்ப்பனர்' என்று எழுதினால் அதன் வாசகர் யாரும் ஏமாந்துபோவதில்லை. எனக்குக் கவலை தருவது, நடுநிலை என்று சொல்லிக்கொள்ளும் நாளிதழின் ஐந்தாம் பக்கத்தில் வரும் இரண்டு பத்திச் செய்தி. அங்கே சார்பு பெரும்பாலும் வினைச்சொல்லில் உட்கார்ந்திருக்கும்.

பள்ளியில் தன்வினை, பிறவினை, செயப்பாட்டுவினை படித்திருப்பீர்கள். வீடுகள் எரிந்தன, வீடுகள் எரிக்கப்பட்டன, வீடுகளை எரித்தனர். மூன்றும் பிழையில்லாத தமிழ். முதல் வாக்கியத்தில் நெருப்பு தானாகப் பிடித்ததுபோல் இருக்கிறது. இரண்டாவதில் யாரோ செய்திருக்கிறார்கள், யார் என்று தெரியவில்லை. மூன்றாவதில்தான் "எரித்தவர் யார்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டம் நத்தம் காலனியிலும் அருகிலிருந்த தலித் குடியிருப்புகளிலும் 250-க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. இப்படி ஒரு நிகழ்வுக்கு 'இரு தரப்பினர் மோதல்' என்று தலைப்புப் போட்டால் அது சுருக்கம் ஆகாது, பொய். மோதலுக்கு இரண்டு பக்கமும் கை ஓங்கியிருக்க வேண்டும். ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் ஓடினால் அதற்குத் தாக்குதல் என்று பெயர். சாதி வன்கொடுமைச் செய்திகளில் 'இரு தரப்பு', 'மோதல்', 'பதற்றம்' என்ற மூன்று சொற்களும் சேர்ந்து வந்தால் அங்கே நிறுத்தி இன்னொரு முறை படியுங்கள். அடிபட்டவர் யார் என்பது நான்காவது பத்திவரை வராமலே இருக்கும்.

தூத்துக்குடியையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாவது நாளான 2018 மே 22-லும் அதைத் தொடர்ந்தும் 13 பேர் இறந்தார்கள். 'கலவரத்தில் 13 பேர் பலி' என்றால் கூட்டம் தன்னைத் தானே கொன்றுகொண்டதுபோல் ஆகிறது. 'துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் பலி' என்றால் துப்பாக்கி வந்துவிட்டது, பிடித்த கை வரவில்லை. 'போலீஸார் சுட்டதில் 13 பேர் பலி' என்பதில்தான் எழுவாய் இருக்கிறது. அதை எழுதக் கூடுதலாக எத்தனை எழுத்து வேண்டும்? 'இடம் இல்லை' என்ற சாக்கு இங்கே செல்லாது.

இனி பெயர்வைக்கும் விதம். மகளிருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டம் 2023 செப்டம்பரில் தொடங்கியது. அரசு வைத்த பெயர் 'உரிமைத் தொகை'. அதையே 'இலவசம்' என்று எழுதுபவரும் உண்டு. 2011-க்குப் பிறகு அ.தி.மு.க. அரசு 'விலையில்லா' என்ற சொல்லைக் கொண்டுவந்தபோதும் இதே இழுபறிதான். எது சரி என்பதைவிட, அந்த ஏடு தொழிற்சாலைக்குத் தரும் மானியத்தையும் வரித் தள்ளுபடியையும் என்ன சொல்லி எழுதுகிறது என்று பாருங்கள். ஏழைக்குக் கொடுத்தால் 'இலவசம்', ஆலைக்குக் கொடுத்தால் 'ஊக்கத்தொகை' என்றால் விஷயம் வெளியே வந்துவிட்டது.

'ஒன்றிய அரசா, மத்திய அரசா' என்று 2021-லிருந்து நடக்கும் சண்டையில் மட்டும் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அரசமைப்பின் 1-வது பிரிவு இந்தியாவை மாநிலங்களின் ஒன்றியம் என்கிறது. 'மத்திய அரசு' என்பதோ பல பத்தாண்டுகளாகக் கைக்குப் பழகிய சொல். இரண்டில் ஒன்றைத் தன் நடையாக ஓர் ஏடு வைத்துக்கொள்ளலாம். தவறு எங்கே தொடங்குகிறது என்றால், முதலமைச்சர் 'ஒன்றிய அரசு' என்று பேசியதை மேற்கோள் குறிக்குள் 'மத்திய அரசு' என்று மாற்றும்போது, அல்லது பா.ஜ.க. தலைவர் சொன்ன 'மத்திய'வை 'ஒன்றிய' ஆக்கும்போது. மேற்கோளுக்குள் கைவைக்கிற ஏட்டை வேறெதிலும் நான் நம்ப மாட்டேன்.

ஒருவர் பேசியதைச் சொல்லும் வினைகளும் அப்படியே. 'என்றார்' என்பதில் சாய்வு இல்லை. 'விளக்கமளித்தார்' என்றால் அவரிடம் விளக்கம் இருந்தது. 'மழுப்பினார்', 'திணறினார்' என்றால் அது செய்தியாளரின் தீர்ப்பு. 'ஒப்புக்கொண்டார்' என்றால் ஏற்கெனவே குற்றம் இருந்தது என்று பொருள். சட்டமன்றச் செய்தியில் அமைச்சர் 'பதிலடி' கொடுப்பார், எதிர்க்கட்சி 'கூச்சல்' போடும். ஆட்சி மாறினாலும் இந்த வினைகள் இடம் மாறாமல் அதே கட்சிகளோடு ஒட்டிக்கொண்டிருந்தால் குறித்துவையுங்கள். கைதுச் செய்திகளில் இன்னொன்று: வேண்டாத கட்சிக்காரர் என்றால் கட்சியின் பெயர் தலைப்பிலேயே வரும். வேண்டியவர் என்றால் வெறும் 'பிரமுகர்'.

செய்துபார்க்கும் முறை எளிது. ஒரே நாளின் மூன்று இதழ்களையும் விரித்துவைத்து, மூன்றிலும் வந்த ஒரே செய்தியை எடுங்கள். தலைப்பின் வினையைச் சிவப்பு மையில் கோடிட்டு, 'யார்?' என்று கேளுங்கள். குற்றம் சாட்டப்பட்டவரின் மறுப்பு எத்தனையாவது பத்தியில் வருகிறது என்று எண்ணுங்கள். இடம் போதாதபோது பக்கம் வடிவமைப்பவர் கீழிருந்துதான் வெட்டுவார். ஏழாவது பத்தியில் வைத்த மறுப்பு முதலில் போகும். பிறகு படம். ஒரு கூட்டத்தில் புகைப்படக்காரர் நூற்றுக்கணக்கில் எடுத்திருப்பார். கண் பாதி மூடி, வாய் கோணிய ஒரு நொடியைத் தேடி எடுத்தது யாரோ ஒருவரின் முடிவு. கூட்டப் படத்திலும் அப்படித்தான். மேடைக்கு முன்னால் நெருக்கி எடுத்தால் ஐம்பது பேரும் கடல்போல் தெரிவார்கள், பின்னாலிருந்து காலி நாற்காலிகளோடு எடுத்தால் ஆயிரம் பேரும் சொற்பம்தான்.

இதில் வாசகர்கள் செய்யும் பெரிய தவறு, ஒருநாள் தலைப்பை வைத்து முத்திரை குத்துவது. வெளியூர்ப் பதிப்புகள் முன்னிரவிலேயே அச்சுக்குப் போய்விடும். அந்த நேரத்தில் நிருபர் கையில் இருப்பது பெரும்பாலும் காவல்நிலையம் சொன்னது மட்டுமே. முதல்நாள் அதையே எழுதியிருந்தால், 'போலீஸார் தெரிவித்தனர்' என்ற இரண்டு சொல் அங்கே இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மூன்றாம் நாளும் பாதிக்கப்பட்டவர் வீட்டுக்கு யாரும் போகவில்லை, அதே காவல்துறைக் கதைதான் ஓடுகிறது என்றால் அதை அவசரம் என்று விட முடியாது. குறைந்தது நான்கு வாரம் பாருங்கள். ஒரே செயலை இரண்டு வேறு கட்சிக்காரர்கள் செய்த செய்திகளைச் சேர்த்துவைத்துப் பெயர்களை மாற்றிப்போட்டுப் படியுங்கள். வாக்கியம் இடறாமல் ஓடினால் அந்த ஏடு நியாயமாக எழுதுகிறது.

உங்களால் வீட்டிலிருந்து பார்க்க முடியாத ஒன்றும் உண்டு: பதிப்பு. கோவைப் பதிப்பின் முதல் பக்கத்தில் வந்த ஆணவக் கொலை சென்னைப் பதிப்பில் வராமலே போகலாம். ஊரில் இருப்பவர்களுக்கு ஏடு கடமையைச் செய்ததுபோல் இருக்கும், கோட்டையில் இருப்பவர் கண்ணில் அது படாது. வெளியூரில் உறவினர் இருந்தால் அதே நாளின் அதே இதழை ஒருமுறை கேட்டு வாங்கி, உங்கள் பதிப்போடு பக்கம் பக்கமாக ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தச் செய்தியைக் 'கௌரவக் கொலை' என்று எழுதியிருந்தால் ஆசிரியருக்குக் கடிதம் போடுங்கள். இத்தகைய கொலைகளில் கௌரவம் எதுவும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2006-லேயே சொல்லிவிட்டது.